டெக்ளினேஷன்: 'சாய்வு' அன்று, 'நடுவரை விலக்கம்'

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியின் "சாய்வு எல்லை 36 பாகை" என்கிற மாதிரியான தொடர்கள் தமிழ் அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. டெக்ளினேஷனைத்தான் 'சாய்வு' ஆக்கியிருக்கிறார்கள். சிலர் 'சரிவு' என்கிறார்கள். இரண்டும் தவறு. ஊட்டியைப் பற்றி எழுதும்போது இந்தத் தவறு வாசகரை நேராகக் குழிக்குள் தள்ளிவிடுகிறது.

மூலச் சொல் இலத்தீன். விலகிச் செல்வது என்று பொருள். வானியலில் அது குறிப்பது ஒன்றைத்தான்: வான நடுவரையிலிருந்து (பூமத்திய ரேகையை வானம் வரை விரித்தால் கிடைக்கும் வட்டம்) ஒரு விண்பொருள் வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது. வடக்கு கூட்டல், தெற்கு கழித்தல். சித்திரை மீன் தெற்கே சுமார் 11 பாகை, திருவாதிரை வடக்கே 7 பாகைக்குச் சற்று மேல். பஞ்சாங்கக் கணிதத்தில் இதையே கிராந்தி என்பார்கள்.

இனி ஊட்டிக்கு வருவோம். முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் அதற்கென்றே ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை, மலையின் சரிவும் அதே அளவு. அதனால் உருளையின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. கிழக்கிலிருந்து மேற்காக உருளையைச் சுழற்றினால் போதும், ஒரே விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் வரை பின்தொடரலாம். வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினரின் அருமையான யோசனை இது.

ஆக, இங்கே உண்மையாகவே சாய்ந்திருப்பது மலை. இயந்திரத்தால் திரும்புவது கிழக்கு மேற்கு. வடக்கு தெற்காக உருளை ஓர் அங்குலமும் அசைவதில்லை. 1056 இருமுனை ஆண்டெனாக்களில் வந்து சேரும் அலைகளின் கட்டத்தை (ஃபேஸ்) மின்னணு முறையில் மாற்றித்தான் பார்வையைத் திருப்புகிறார்கள். 36 பாகை என்பது நடுவரைக்கு வடக்கிலும் தெற்கிலும் அந்தப் பார்வையின் எல்லை. இதைச் 'சாய்வு' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? 530 மீட்டர் இரும்புச் சட்டம் தலைகுனிவதாகத்தான் நினைப்பார். பிறகு 11 பாகை மலைச்சரிவைச் சொல்ல அதே கட்டுரையில் எந்தச் சொல் மிச்சமிருக்கும்?

'சாய்வு' ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பூமியின் அச்சுச் சாய்வு, கோள்களின் சுற்றுப்பாதைச் சாய்வு எல்லாம் அதைக் கொண்டே சொல்கிறோம். 'சரிவு' இன்னும் மோசம். பள்ளி இயற்பியல் நூல்களில் காந்த ஊசி கீழ்நோக்கிச் சாயும் கோணம் காந்தச் சரிவு. ஊசி புவியின் வடக்கிலிருந்து பக்கவாட்டில் விலகும் கோணம் காந்த ஒதுக்கம். ஆங்கிலத்தில் டெக்ளினேஷன் என்ற பெயர் பெறுவது பின்னது. பாடநூல் எழுதியவர்கள் கவனமாகப் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி கலக்கிவிடுகிறார்கள்.

'வான அகலாங்கு' என்றும் ஒரு பரிந்துரை உண்டு. தமிழ் அழகுதான், பொருள் பிசகு. அந்தப் பெயர் சூரியப் பாதையிலிருந்து அளக்கும் வேறோர் அளவுக்கு உரியது.

'நடுவரை விலக்கம்' என்றால் எங்கிருந்து அளக்கிறோம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. கணக்கும் விளங்கும். போர்ட்டோ ரிக்கோவில் 2020இல் இடிந்து விழுந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருந்த இடம் வடக்கே 18 பாகை, தலையுச்சியிலிருந்து சுமார் 20 பாகை வரைதான் அதனால் பார்வையைத் திருப்ப முடிந்தது. ஆகவே நடுவரைக்குத் தெற்கே ஒரு பாகை முதல் வடக்கே 38 பாகை வரை மட்டும் தெரிந்தது. தெற்கே 29 பாகை விலகியிருக்கும் பால்வீதி மையம் அதற்கு எட்டவே இல்லை, ஊட்டிக்கு எட்டுகிறது.

இதன் இணைச் சொல்லான 'வல ஏற்றம்' அடுத்த கொடுமை. விண்பொருளின் கிழக்கு மேற்கு நிலையைச் சொல்லும் ரைட் அசென்ஷனைத்தான் அப்படி எழுதுகிறார்கள். ரைட் அசென்ஷனில் வரும் 'ரைட்' வலக்கை அன்று. நிமிர்ந்தது, செங்குத்தானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் மொழிபெயர்ப்பு. பூமத்திய ரேகையில் நின்று பார்த்தால் விண்மீன்கள் அடிவானத்துக்குச் செங்குத்தாக எழும், அதைக் குறித்த பெயர். 'நேர் ஏற்றம்' என்று எழுத என்ன தடை? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள், அதையே ஆண்டுக்கணக்கில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.