சாலட்: நம் கைக்குத் தெரிந்த சொல் பிசறல்

போன வாரம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு லேபிள் வேலை வந்தது. வேகவைத்த குதிரைவாலியில் வெள்ளரி, சின்ன வெங்காயம், வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு, வறுத்த சீரகத்தூள் எல்லாம் சேர்த்துச் சின்ன டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். டப்பாவில் ஒட்டவேண்டிய சீட்டில் ‘காரசாரமான தானியக் கலவை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, ஒற்றுகூடச் சரியாக மிகுந்திருந்தது. ஆனாலும் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து தானிய சாலட்டுக்குத் தமிழ் என்று வைத்திருக்கும் இந்தத் ‘தானியக் கலவை’யைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சமையல் காணொளியில் அதுதான், வார இதழின் இணைப்பில் அதுதான், உணவகத்தின் பட்டியலிலும் அதுதான்.

அது என்ன பண்டத்தைக் குறிக்கிறது என்று மதுரையில் கேட்டுப் பார்க்கலாமே என்று அன்று சாயங்காலம் கீழமாசி வீதிப் பக்கம் போனேன். சாக்கு வாய்களைச் சுருட்டிவிட்டு, கம்பும் சோளமும் கேழ்வரகும் திறந்து வைத்திருக்கும் கடை ஒன்றில், “அண்ணே, தானியக் கலவை இருக்கா?” என்றேன். அவர் எடை போட்டுக்கொண்டே, “கோழிக்கா, புறாவுக்கா?” என்றார். சாப்பிடுவதற்கு என்றேன். “அப்ப சத்துமாவுக்குன்னு சொல்லுங்க. அதுக்குச் சேர்மானம் வேற, கடலை, பயறு எல்லாம் சேரும். முழுசா வேணுமா, அரைச்சுத் தரவா?” என்று கேட்டார். நாள் முழுக்கத் தானியத்தோடு பிழைக்கிற மனிதர் அவர். அவர் காதில் அந்தச் சொல் தீவனமாகவும் மாவாகவும்தான் விழுகிறது. எலுமிச்சை பிழிந்த ஒரு பண்டமாக அது விழவே இல்லை.

சாலட் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. ‘சலாட்டா’ என்றால் உப்பிட்டது. ரோமானியர் பச்சை இலைகளை உப்பும் எண்ணெயும் காடியும் சேர்த்துத் தின்ற வழக்கம் பின்னால் பிரெஞ்சில் ‘சலாத்’ ஆகி, ஆங்கிலத்தில் சாலட் ஆனது. சாஸ், சாசேஜ் ஆகியவையும் அதே உப்பு வேரில் கிளைத்தவை. தானியத்தில் செய்யும் சாலட்டுகளில் உலகறிந்தது லெபனான், சிரியா பக்கத்துத் தபூலே. உடைத்த கோதுமையில் நிறைய பார்ஸ்லி எனும் வேர்க்கோசுக் கீரையும் புதினாவும் தக்காளியும் எலுமிச்சையும் சேர்ப்பது. அந்தப் பெயர், மணப்பொருள் சேர்த்துப் பக்குவம் செய்வதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக ஒரு ஊரார் உப்பை வைத்துப் பெயரிட்டார்கள், இன்னொரு ஊரார் மணப்பொருளை வைத்துப் பெயரிட்டார்கள். எதைக் கலந்தார்கள் என்று யாரும் பெயரில் பட்டியல் போடவில்லை.

தமிழ் எதை வைத்துப் பெயரிடும்? கையின் தொழிலை வைத்து. பொரித்தால் பொரியல், அவித்தால் அவியல், வறுத்தால் வறுவல், துவைத்தால் துவையல், மசித்தால் மசியல், கடைந்தால் கடையல், பிரட்டினால் பிரட்டல், வற்றவைத்தால் வற்றல், பொங்கினால் பொங்கல். தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் ஆன பண்டத்துக்கு ஆகி வரும். தொழிலாகுபெயருக்கு ‘வற்றல் தின்றான்’ என்று பள்ளியில் எடுத்துக்காட்டுப் படித்திருப்போம். நம் அடுக்களை முழுக்க இந்த இலக்கணத்தில்தான் நடக்கிறது. பெயரைக் கேட்டதும் பண்டத்தின் பக்குவம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாழைக்காய் வறுவலா, பொரியலா, மசியலா என்று சொன்னால் போதும், நாக்குக்கு விவரம் போய்விடும்.

‘கலவை’ அப்படி எதையும் சொல்வதில்லை. கலந்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. மாவாகக் கலந்தார்களா, குழம்பாகக் கலந்தார்களா, வெந்ததா வேகாததா, ஒன்றுமே தெரியாது. மதுரையில் கலவை என்ற சொல்லை ஒரு நாளில் அதிகம் உச்சரிக்கிறவர் கொத்தனார்தான். “கலவை காஞ்சிருச்சு, வெரசாக் கொண்டாம்மா” என்று சாரத்தில் நின்று கூப்பிடுவார். சிமெண்டும் மணலும் எது எதுவென்று பிரிக்கமுடியாமல் ஒன்றானால்தான் அது கலவை. சாலட்டில் நடக்கவேண்டியது அதற்கு நேர் எதிரானது. குதிரைவாலி குதிரைவாலியாகவே இருக்கவேண்டும், வெள்ளரி வெள்ளரியாகக் கடிபடவேண்டும், சாறு மட்டும் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சாகப் படியவேண்டும். ஒன்றாகிவிட்டால் பண்டம் கெட்டது என்று பொருள். கெட்டுப்போன நிலையைக் குறிக்கிற சொல்லை எடுத்து நல்ல பண்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எங்கள் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டும் தம்பியே அதைச் சொன்னார்: “கலவை சாதம்னு சொல்றோமேண்ணே, அது மட்டும் சரியா?” நல்ல கேள்வி. கலவை சாதத்தில் தலைச்சொல் சாதம். கலவை அதற்கு முன்னால் நின்று, என்ன மாதிரியான சாதம் என்று காட்டுகிறது. அங்கே வெந்த சோறு என்பது பெயரிலேயே உறுதியாகிவிட்டது. தானியக் கலவையில் தலைச்சொல் கலவை. முன்னால் நிற்பது தானியம். தமிழில் தானியம் என்றால் மூட்டையில் இருப்பது, குதிரில் இருப்பது, இன்னும் உலையில் ஏறாதது. ஏறி வெந்துவிட்டால் அது சோறு, கூழ், களி. யாராவது சாப்பிட உட்கார்ந்து ‘தானியம் போடு’ என்பார்களா? கோழிக்குத்தான் தானியம் போடுவோம். கீழமாசி வீதிக்காரர் கேட்டது அதனால்தான் சரியான கேள்வி. சொல்லைத் திருப்பிப் போட்டுக் ‘கலவைத் தானியம்’ என்று வைத்தாலும் பச்சைத் தானியம் பச்சைத் தானியமாகவே கிடக்கும்.

பச்சடி என்று போடலாமே என்கிறவர்களும் உண்டு. காய்கறி சாலட்டுக்கு அது கிட்டே வரும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கத்தில் பச்சடி என்றால் ஒன்று பிரியாணிக்கு வைக்கும் தயிர்ப்பச்சடி, இல்லையென்றால் சித்திரை முதல் நாளில் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துச் செய்யும் மாங்காய்ப் பச்சடி. இரண்டும் கரண்டியால் ஊற்றுகிற பதம், இலையின் ஓரத்தில் தொட்டுக்கொள்ள வைப்பது. தானிய சாலட் இலை ஓரத்துப் பண்டம் கிடையாது, அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. ஆந்திரத்துக்காரரிடம் பச்சடி என்றால் அவர் நம் துவையலைக் கொண்டுவந்து வைப்பார். அது வேறு சங்கடம்.

கன்னடத்துக் கோசம்பரி, ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காயும் சேர்ப்பது. பண்டமாகப் பார்த்தால் இதுதான் சாலட்டுக்கு உடன்பிறப்பு. தமிழில் கோசுமல்லி என்றும் சில வீடுகளில் சொல்வார்கள். ஆனால் மதுரையிலிருந்து காரைக்குடிப் பக்கம் போய்க் கோசமல்லி கேட்டால், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மசித்த கத்தரிக்காய்தான் வரும். சுண்டலும் பொருந்தாது. சுண்டல் என்பது தண்ணீர் சுண்ட வெந்த பயறு. அதன் பெயர் அடுப்பில் நடந்ததைச் சொல்கிறது. சாலட்டின் உயிர் அடுப்பை விட்டு இறக்கி ஆறின பிறகு நடப்பதில் இருக்கிறது.

அங்கே நடப்பது என்ன? என் அம்மா செய்வதைச் சொல்கிறேன். பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் விளைகிற குதிரைவாலிதான் எங்கள் வீட்டில். ஒத்தக்கடையில் இருக்கிற வேளாண்மைக் கல்லூரி இந்தப் பயிரில் ‘மதுரை 1’ என்றே ஒரு ரகம் தந்திருக்கிறது. அரிசியை வெறும் சட்டியில் லேசாக வாசம் வர வறுத்துக்கொள்வார். சோற்றுக்கு ஒரு டம்ளருக்கு 2 டம்ளர் தண்ணீர் என்றால் இதற்கு ஒன்றேமுக்கால். வெந்ததும் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் பரத்தி, ஒரு மூடி நல்லெண்ணெய் விட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுவார். சீரகமும் மிளகும் வறுத்து, பாதி மட்டும் உடையும்படி அம்மியில் ஒரு இழுப்பு. கிளிமூக்கு மாங்காய் கிடைக்கிற மாதத்தில் அதைப் பொடியாக நறுக்குவார், இல்லாத மாதத்தில் எலுமிச்சை. வெள்ளரி, சின்ன வெங்காயம், மல்லித்தழை, வறுத்த வேர்க்கடலை. உப்பு கடைசியில்தான். முதலிலேயே உப்புப் போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுத் தாம்பாளம் நனைந்துவிடும். எல்லாம் போட்ட பிறகு உள்ளங்கை படாமல், விரல் நுனிகளால் அடியிலிருந்து மேலே அள்ளி அள்ளி விடுவார். அழுத்தமாட்டார். சோறு உடையாது, காய் நசுங்காது.

அந்த வேலைக்கு என் அம்மா சொல்லும் சொல் பிசறுவது. “உப்புப் போட்டுப் பிசறி வையி” என்று கறிக்கும் சொல்வார், மீனுக்கும் சொல்வார். புட்டு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசறச் சொல்வார். பிசைவது வேறு: அது மாவை ஒன்றாகத் திரட்டுவது. கிண்டுவது வேறு, கிளறுவது வேறு, இரண்டுக்கும் அடுப்பு வேண்டும். விரலால், அழுத்தாமல், ஒன்றின் மேல் ஒன்று படியும்படி செய்வதற்கென்றே தமிழில் ஒரு வினை உயிரோடு இருக்கிறது. பொரி, பொரியல் ஆனது போல, பிசறு, பிசறல் ஆகட்டும். காய்ப் பிசறல், பழப் பிசறல், குதிரைவாலிப் பிசறல், சம்பாக்கோதுமைப் பிசறல். சொன்ன உடனே எப்படிச் செய்வது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

தானியத்துக்குப் பதில் கூலம் என்று எழுதலாமே என்று தனித்தமிழ் ஆர்வலர்கள் கேட்பார்கள். கேட்க எனக்கும் ஆசைதான். மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது ‘கருங்கறி மூடையொடு கூலம் குவித்த கூல வீதியும்’ வருகிறது. கருங்கறி என்றால் மிளகு. மிளகும் தானியமும் பக்கத்தில் பக்கத்தில் குவிந்து கிடந்த மதுரைத் தெரு அது. ஆனால் இன்று கூலப் பிசறல் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் காதில் குப்பைகூளத்தின் கூளம்தான் விழும். லகரமும் ளகரமும் பேச்சில் மயங்கும் ஊரில், தின்கிற பண்டத்துக்கு அந்தப் பெயர் வைக்கக்கூடாது. பொதுச்சொல்லே வேண்டாம். எந்தத் தானியமோ அதன் பெயரைச் சொல்லிவிட்டால் தெளிவுக்குத் தெளிவு, தமிழுக்குத் தமிழ். வரகு, சாமை, தினை என்று நம் தானியத்தின் பெயர்களை மிஞ்சிய தமிழ் எங்கே இருக்கிறது?

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்கு இருக்கும் வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. ஒரு சமையல் குறிப்பை மெய்ப்புப் பார்த்தபோது ‘எல்லாவற்றையும் நன்றாகத் தூக்கி எறியவும்’ என்று இருந்தது. ஆங்கிலத்தின் ‘டாஸ்’ என்ற சொல்லை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். பிசறவும் என்று வரவேண்டிய இடம். எண்ணெயும் எலுமிச்சையும் அடித்து ஊற்றும் சாற்றை, ஆங்கிலத்தில் ‘டிரெஸ்ஸிங்’ என்பதால், ‘சாலட் அலங்காரம்’ என்று எழுதியிருந்தார்கள். சாறு என்றால் போதுமே! எழுதியவருக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். ஒரு தடவை அடுக்களைக்குள் போய் அம்மாவிடமோ மனைவியிடமோ, ‘இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?’ என்று கேட்டிருந்தால் அந்த வரி அச்சுக்கு வந்திருக்காது. அகராதியைத் திறக்கிறோம், கணினியைக் கேட்கிறோம். சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் வேலை செய்கிற பெண்களை மட்டும் கேட்பதில்லை. பேச்சுச் சொல் என்று அவற்றைக் கீழே வைத்துவிட்டு, யார் வாயிலும் வராத கூட்டுச்சொல்லை நல்ல தமிழ் என்று மேலே ஏற்றுகிறோம். இதில் எனக்குக் கோபமே வருகிறது.

லேபிளுக்குச் சொந்தக்காரரான அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினேன். அவருக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பிசறல் என்றதும், “நான் செய்றதே அதுதானே தம்பி, அப்படியே போடுங்க” என்றார். ‘குதிரைவாலிப் பிசறல்’ என்று திருத்தி, ப் என்ற ஒற்றைச் சேர்த்து, பக்கம் கட்டும் தம்பியிடம் கொடுத்தேன். முதல் படியில் அவர் ‘பிசிறல்’ என்று அடித்திருந்தார். பிசிறு என்றால் துணியின் ஓரத்தில் நிற்கும் நூல். சகரத்தின் மேல் இருந்த விலங்கை எடுத்துவிட்டு, இரண்டாம் படியில் கையெழுத்துப் போட்டேன்.