பிரீசெட் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டால் ஒலி பத்திரமாகிவிடாது

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ஒரு கிட்டார் கலைஞர், ஆம்ப் மாடலர் (கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் கருவி) பழுதாகிவிட்டதால் பழைய பாட்டில் இரண்டு இடங்களைத் திருத்த வழியின்றி, ஹார்டு டிஸ்க்கும் கையுமாக என் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தார். "பேக்கப் எல்லாம் இருக்கு சார்" என்றார். இருந்தவை அந்தக் கருவியில் சேமித்த அமைப்புகளான பிரீசெட் கோப்புகள் மட்டுமே. அவற்றைப் படிக்கக்கூடிய அந்தக் கருவியின் தயாரிப்போ எப்போதோ நின்றுவிட்டது.

பிரீசெட்டில் ஒலி கிடையாது. எந்த ஆம்ப், கெயின் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் அளவு) எவ்வளவு, பேஸ் எவ்வளவு என்ற எண்கள்தாம் அதில் இருக்கின்றன. அவற்றை ஒலியாக்கும் கணக்கு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரே ஆம்பைப் பார்த்துச் செய்த இரு நிறுவனங்களின் மாடல்களில் கெயினை 6-இல் வைத்தாலும் ஒரே ஒலி வராது என்பதால், அந்த எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதாலும் பயனில்லை. ஆம்பின் ஒலியையே பிடித்து வைக்கும் கருவிகளிலும் இதே பூட்டுத்தான்: கெம்பர் என்ற கருவி பிடித்து வைத்த புரொஃபைலைக் குவாட் கார்டெக்ஸ் என்ற கருவி படிக்காது, குவாட் கார்டெக்ஸின் கேப்சரைக் கெம்பர் படிக்காது. ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) மட்டும் சாதாரண வேவ் கோப்பாகப் புழங்குவதால், பெரும்பாலான கருவிகளில் தடையின்றி ஏறிவிடுகிறது.

ஆம்பின் ஒலியைப் பிடித்து வைக்கும் மென்பொருளான, ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலரை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதில் இந்தப் பூட்டு இல்லை என்பதே. அதன் மூல நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் வெளியாகியுள்ளது. மாடல் கோப்பு, நியூரல் நெட்வொர்க்கின் அமைப்பையும் எடைகளையும் ஜேசன் வடிவில் எழுதி வைத்த வெறும் உரைதான். நாளை அந்தத் திட்டமே நின்றுபோனாலும் வேறொருவர் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாடல் பொதுவாக ஆம்பின் ஒரே அமைப்பைத்தான் பிடிக்கும் என்பதால், நீங்கள் புழங்கும் ஒவ்வொரு கெயின் நிலைக்கும் தனித்தனி மாடல் எடுக்க வேண்டும். டிலே, ரிவெர்பு போன்ற எதிரொலி விளைவுகள் அதில் அடங்கா.

எந்தக் கருவியில் வாசித்தாலும் டிஐ தடத்தை, அதாவது ஆம்ப் வழியே போகாமல் கிட்டாரிலிருந்து நேரடியாக வரும் சிக்னலை, தனியாகப் பதிவு செய்யுங்கள். அன்று வந்தவரிடம் அது இருந்திருந்தால் அதை வேறொரு ஆம்ப் வழியே அனுப்பிப் பதிவு செய்து (ரீஆம்ப்) அன்றைக்கே முடித்திருப்போம். இல்லாததால் மொத்தக் கிட்டாரையும் மறுபடி வாசித்தார். ஆம்ப் வழியே வந்த ஒலியையும் வேவ் கோப்பாக வைத்திருங்கள். ஆல்பம் முடியும்வரை கருவியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காதீர்கள். சொந்த ஆம்பை மாடல் எடுக்கும்போது, அனுப்பிய சோதனை ஒலி, திரும்பி வந்த ஒலி ஆகிய இரண்டையும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நாளை இத்தகைய திறந்த மென்பொருளில் புதிய வடிவம் வந்தாலும், ஆம்பை விற்றுவிட்ட பிறகும், அந்த இரண்டு கோப்புகளிலிருந்தே மாடலை மீண்டும் பயிற்றுவிக்கலாம்.