கான்ட்ராஃப்ளோ: தடத்திருப்பல்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையை நோக்கிப் பெரும்புயல் ஒன்று வரும்போது அங்குள்ள செய்திகளில் அடிபடும் சொல் கான்ட்ராஃப்ளோ. கடற்கரை நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் காரில் கிளம்புகிறார்கள். நகரைவிட்டு வெளியே போகும் தடங்கள் வண்டிகளால் நிறைந்து நிற்கின்றன. நகருக்குள் வரும் தடங்களோ காலியாகக் கிடக்கின்றன. புயலை நோக்கி யார் வருவார்கள்? அந்தக் காலித் தடங்களையும் வெளியே போகிறவர்களுக்கே திறந்துவிட்டு, நெடுஞ்சாலை முழுவதையும் ஒரே திசையில் ஓடவிடும் ஏற்பாடுதான் கான்ட்ராஃப்ளோ.

'கான்ட்ரா' லத்தீன் சொல். எதிராக என்பது பொருள். 'ஃப்ளோ' பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், ஓட்டம், பாய்ச்சல். இரண்டையும் ஒட்டினால் எதிரோட்டம். இங்கிலாந்தில் இச்சொல்லைக் கேட்டால் வேறு காட்சிதான் நினைவுக்கு வரும். அங்கே மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலையின் ஒரு பக்கத்தைப் பழுதுபார்க்க மூடிவிட்டு, இரு திசை வண்டிகளையும் மறுபக்கத்திலேயே, நடுவே கூம்புகளை வரிசையாக வைத்து, எதிரெதிராக ஓடவிடுவார்கள். அதுவே அங்கு கான்ட்ராஃப்ளோ. ஒருவழிப்பாதையில் சைக்கிள் மட்டும் எதிர்த்திசையில் போக விட்டிருக்கும் தடத்துக்கும் அதே பெயர். இரண்டிலும் எதிரே வண்டி வருகிறது, அதனால் 'கான்ட்ரா' பொருந்துகிறது. புயல் காலத்து அமெரிக்கச் சாலையில் நிலைமை நேர்மாறு. எதிரே ஒரு வண்டியும் வரக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். மாறுவது சாலையின் வழக்கமான திசை மட்டுமே.

இதனால்தானோ என்னவோ, அமெரிக்காவிலேயே பெயர் ஒன்றாக இல்லை. லூசியானாவிலும் டெக்சாஸிலும் கான்ட்ராஃப்ளோ என்கிறார்கள். தென் கரோலினாவில் அதிகாரிகள் பெரும்பாலும் 'லேன் ரிவர்சல்', அதாவது தடத்தைத் திருப்புதல் என்றே அறிவிக்கிறார்கள். ஃபுளோரிடாவின் பழைய திட்டங்களில் அது 'ஒன்-வே'. தமிழில் ஒன்றைத் தேர்வதானால் தென் கரோலினாக்காரர்கள் பக்கம் நிற்பேன். காரணம் விளங்க, வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இந்த ஏற்பாடு பெரிய அளவில் பேசப்பட்டது 1999 செப்டம்பரில், ஃபிளாய்டு புயலின்போது. ஃபுளோரிடா முதல் கரோலினாக்கள் வரை சுமார் 26 லட்சம் பேர் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். தென் கரோலினாவின் கடற்கரை நகரான சார்லஸ்டனிலிருந்து அதன் தலைநகரான கொலம்பியாவுக்கு ஐ-26 நெடுஞ்சாலையில் ('ஐ' என்பது இன்டர்ஸ்டேட் என்பதன் சுருக்கம்) வழக்கமாக இரண்டு மணி நேரப் பயணம். அன்று பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆனவர்களும் உண்டு. சாலையின் மறுபாதி வெறிச்சோடிக் கிடந்ததை அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டே அவர்கள் நகர்ந்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான ஜார்ஜியா, சவன்னாவிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ஐ-16 சாலையைத் திருப்பியிருந்தது. தென் கரோலினா அதைச் செய்யத் தாமதித்தது. மக்களின் கோபம் அரசியலாயிற்று. அதற்குப் பின் தென் கரோலினா ஐ-26க்கு விரிவான திட்டம் வகுத்தது. 2016இல் மேத்யூ, 2018இல் ஃபிளாரன்ஸ், 2019இல் டோரியன் என மூன்று புயல்களுக்கு அந்தச் சாலை திருப்பப்பட்டது.

'திருப்பப்பட்டது' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். களத்தில் அது அத்தனை சுருக்கமாக முடிவதில்லை. முதலில் நகரை நோக்கி வரும் தடங்களில் ஒரு வண்டிகூட மிஞ்சாமல் காவல்துறை வாகனங்கள் கடைசிவரை ஓட்டிப் பார்த்துக் காலிசெய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் வழியிலிருந்து ஏறும் கிளைப்பாதை ஒவ்வொன்றையும் மூடி ஆள் நிறுத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் விவரம் அறியாத ஒருவர் நேருக்கு நேர் வந்துவிடுவார். ஜார்ஜியா ஐ-16இன் கிளைப்பாதைகளில் இதற்கென்றே நிரந்தரமாகக் கதவுகள் பொருத்தி வைத்திருக்கிறார்கள். சாலை தொடங்கும் இடத்தில் நடுத்திட்டைக் கடந்து மறுபக்கம் போக ஒரு குறுக்குப்பாதை வேண்டும். முடியும் இடத்தில் எல்லாரையும் மீண்டும் சரியான பக்கத்துக்குக் கொண்டுவர இன்னொன்று வேண்டும். திட்டம் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான். நான்கு தடங்களில் வந்த கூட்டம் இரண்டு தடங்களுக்குள் நுழையும் இடத்தில் நெரிசல் மறைவதில்லை, ஊர் மாறி உட்கார்ந்துகொள்கிறது.

திருப்பிய பக்கத்தில் ஓட்டுகிறவர் பார்ப்பதே வேறு சாலை. வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் அவருக்கு முதுகு காட்டி நிற்கும். அடுத்த ஊர் எது, எந்த வெளிவழி என்று படிக்க ஒன்றும் இருக்காது. அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் இடப்பக்க ஓரக்கோடு மஞ்சள், வலப்பக்கம் வெள்ளை. இப்போது மஞ்சள் வலப்பக்கம் வந்துவிடும். பல இடங்களில் தரையில் பதித்த ஒளிர்வில்லைகள், தவறான திசையில் வருகிறவருக்குச் சிவப்பாகத் தெரியும்படி செய்யப்பட்டவை. விளக்கு வெளிச்சத்தில் அவை மைல் கணக்கில் 'திரும்பிப் போ' என்று சொல்லிக்கொண்டிருக்கும். பல மாநிலங்கள் பகலில் மட்டும் இதை நடத்த விரும்புவதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

இரண்டு தடங்கள் நான்காகும்போது போகும் வண்டிகளும் இரட்டிப்பாகும் என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். அப்படி ஆவதில்லை. பழக்கமில்லாத பக்கத்தில் மக்கள் மெதுவாகவே ஓட்டுகிறார்கள். நுழைவும் வெளியேற்றமும் சில இடங்களில் மட்டுமே நடக்கும். சுமார் மூன்றில் இரண்டு பங்கு கூடும் என்பதே திட்டமிடுவோரின் மதிப்பீடு. அதற்கு விலையும் உண்டு. உள்ளே வரவேண்டிய ஆம்புலன்ஸ், எரிபொருள் லாரி, மீட்புப் படை எல்லாவற்றுக்கும் அந்தச் சாலை அடைபட்டுப்போகும்.

லூசியானாவின் கதை இதில் தனி அத்தியாயம். 2004இல் ஐவன் புயலுக்கு நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பியவர்களில் பலர், 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேட்டன் ரூஜ் போய்ச் சேரப் பத்து மணி நேரம்வரை ஆனது. மாநிலம் பாடம் படித்து, பக்கத்து மிசிசிப்பியோடு பேசி, ஐ-55, ஐ-59 சாலைகளில் எல்லை தாண்டியும் திருப்பல் தொடரும்படி திட்டத்தை மாற்றியது. அடுத்த ஆண்டே கத்ரீனா வந்தது. 2005 ஆகஸ்ட் 27 மாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை 5 மணிவரை, 25 மணி நேரம் சாலைகள் ஒரே திசையில் ஓடின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பகுதியிலிருந்து வெளியேறினார்கள். போக்குவரத்துத் திட்டம் என்ற அளவில் அது வெற்றி. உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது வேறு. கார் இல்லாதவர்களுக்கு எந்தத் தடம் எந்தப் பக்கம் ஓடினால் என்ன?

மூன்றே வாரம் கழித்து ரீட்டா புயல். கத்ரீனாவின் காட்சிகள் கண்ணில் நின்றதால் டெக்சாஸின் ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். போகத் தேவையில்லாதவர்களும் அவர்களில் நிறைய. ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்குப் போகும் ஐ-45ஐத் திருப்புவதற்குத் தயாரான திட்டம் கையில் இல்லை. செப்டம்பர் 22 அன்று ஆளுநர் ரிக் பெரி உத்தரவிட்ட பிறகும் சாலையைத் திருப்பப் பல மணி நேரம் பிடித்தது. கடும் வெயிலில் வண்டிகள் எரிபொருள் தீர்ந்து நின்றன. டாலஸுக்குத் தெற்கே முதியோர் இல்லத்தினரை ஏற்றி வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயல் கிழக்கே விலகி, டெக்சாஸ்-லூசியானா எல்லையருகே கரைகடந்தது. ஹூஸ்டன் பெரிதும் தப்பியது. வெளியேறும் வழியில் இறந்தவர்கள் நூறு பேருக்கும் மேல்.

இனி தமிழுக்கு வருவோம். முதலில் கைக்கு வருவது 'எதிரோட்டம்'. மூலத்துக்குச் சொல்லுக்குச் சொல் நேர்மையானது, பொருளுக்கு நேர்மையற்றது. எதிரே வண்டி வருகிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வார்; ஆபத்துக் காலத்தில் அது வேண்டாத பயம். தவறான பக்கத்தில் வண்டி ஓட்டுவதையும் நம் ஊரில் எதிர்த்திசையில் வருவது என்கிறோம். அந்தக் கலைக்கு அரசு அனுமதி கிடைத்துவிட்டது என்று யாராவது எண்ணிவிடப் போகிறார்கள். சைக்கிள் தடத்துக்கும் இங்கிலாந்துப் பொருளுக்கும் எதிரோட்டம் இருந்துவிட்டுப் போகட்டும்.

'மடைமாற்றம்' அழகான வேளாண் சொல். ஆனால் மடை மாற்றினால் நீர் வேறு வாய்க்காலுக்குப் போகும். இங்கே அதே வாய்க்கால், திசைதான் வேறு. போதாக்குறைக்கு, நிதியை மடைமாற்றினார்கள் என்று ஊழல் செய்திகளில் அடிபட்டுச் சொல்லில் கறை ஏறிவிட்டது. 'ஒருவழிப்பாதை' எல்லாருக்கும் தெரிந்த சொல், திருவிழா நாளில் காவல்துறை தட்டி வைத்து அறிவிப்பதும் அதுதான். சாலை புரட்டப்பட்ட செய்தி அதில் இல்லை. 'தடமாற்றம்' என்றால் ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்குப் போவதாகிவிடும். தடம் மாறிப் போனவர்களைப் பற்றி நாம் வேறு கதைகளும் பேசுகிறோம்.

எஞ்சுவது 'தடத்திருப்பல்'. தடம் என்பது லேனுக்கு ஏற்கெனவே பழகிய சொல். நான்குவழிச் சாலை பேசுகிறவர்களும் இடது தடம், வலது தடம் என்று சொல்கிறார்கள். 'திருப்பம்' வேண்டாம், அது சாலை வளைவு. 'திருப்பல்' பிறவினை, யாரோ பொறுப்பேற்றுத் திருப்புகிறார்கள் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. பிற்பகல் 12 மணி முதல் ஐ-26இல் தடத்திருப்பல் நடைமுறைக்கு வருகிறது, கொலம்பியாவை நோக்கி மட்டுமே செல்லலாம் என்று அறிவித்தால் யாருக்கும் புரியும். ஒரு தடத்தை மட்டும் திருப்பி மற்றொன்றை உள்ளே வருவோர்க்கு விட்டுவைப்பதும் உண்டு. அது பகுதித் தடத்திருப்பல்.

கூடவே வரும் 'எவாக்குவேஷன்' என்பதற்கு வெளியேற்றம் போதும். லத்தீனில் காலியாக்குதல் என்ற பொருள். ஆங்கில மருத்துவத்தில் வயிற்றைக் காலி செய்வதற்கும் அதுவே சொல். 'அப்புறப்படுத்தினார்கள்' என்று எழுதுவதை நாளிதழ்கள் விட்டுவிடலாம். குப்பைக்கும் அதையே எழுதுகிறோம். பகைப்படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதை 'வலசை' என்ற பழைய சொல் குறித்தது. ஆசையாக இருக்கிறது, ஆனால் அதைப் பறவைகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

ஃபுளோரிடா இப்போது தடத்திருப்பலையே பெரிதும் கைவிட்டுவிட்டது. 2017இல் இர்மா புயலின்போது 65 லட்சம் பேருக்கு வெளியேறும்படி உத்தரவு போனது. அப்போதும் சாலையைத் திருப்பவில்லை. நெடுஞ்சாலையின் ஓரத்தில், பழுதான வண்டி நிறுத்த விட்டிருக்கும் பகுதியையே கூடுதல் தடமாகத் திறந்தார்கள். 2024இல் மில்டன் புயலுக்கும் அதுவே. ஆங்கிலத்தில் 'ஷோல்டர்' என்பதால் தமிழில் சாலைத்தோள் என்று எழுதிவிட வேண்டாம், ஓரத்தடம் போதும். அதைத் திறக்கக் காவலர்கள் குறைவாகவே தேவைப்படுகிறார்கள், சாலையைக் காலிசெய்யக் காத்திருக்க வேண்டியதில்லை, மறுபக்கத்தில் பெட்ரோல் லாரிகள் வழக்கம்போல் ஊருக்குள் வந்துகொண்டிருக்கலாம்.