60 எச்ஆர்சி இருந்தும் பஞ்ச் ஏன் தெறிக்கிறது?

விளிம்பில் சில்லு தெறித்த பஞ்சுடன் (பிரஸ்ஸில் தகடு வெட்டும் எஃகுக் கருவி) சோதனைக்கூடத்துக்கு வருபவர்கள் நீட்டும் சான்றிதழில் பெரும்பாலும் ஒரே மதிப்புதான் இருக்கும்: 60 எச்ஆர்சி, அதாவது ராக்வெல் சி அளவுகோலில் கடினத்தன்மை 60. பஞ்ச் செய்யப் பயன்படும் டி2 என்ற டூல் ஸ்டீலுக்கு (கருவி எஃகுக்கு) அது சரியான கடினத்தன்மையே. ஆனால் அந்த எஃகு வேலையில் தேயுமா, தெறிக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை.

டி2-வில் ஏறக்குறைய 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருப்பதால், உருகிய எஃகு உறையும்போதே பெரிய குரோமியம் கார்பைடுகள் (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள்) தோன்றி, பிறகு உருட்டும் திசையில் வரிவரியாக அமைந்துவிடுகின்றன. தேய்மானத்தைத் தடுப்பவை அவைதான். விளிம்பில் முதல் விரிசல் பல நேரங்களில் பிறப்பதும் அவற்றில்தான்.

தேய்மானம் என்றதும் பலரும் கேட்பது ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் ஜி65 சோதனை. சுழலும் ரப்பர் சக்கரத்துக்கும் மாதிரித் துண்டுக்கும் இடையே உலர்மணலை விழச்செய்து, குறைந்த எடையிலிருந்து இழந்த கன அளவைக் கணக்கிடுவார்கள். மண்ணோடு உரசும் பாகங்களுக்கு இது பொருத்தமானது. தகடு வெட்டும் பஞ்சில் மணல் ஏது? அங்கே தகட்டின் உலோகம் பக்கச்சுவரில் ஒட்டிப் பிய்கிறது, ஒவ்வோர் அடிக்கும் விளிம்பில் தகைவு ஏறி இறங்குகிறது. பெரிய கார்பைடுகள் ஜி65-இல் நல்ல பெயர் வாங்கித் தரும் என்பதால், அதை மட்டும் நம்பினால் தெறிக்கும் எஃகையே தேடிப்பிடித்து வாங்கும் நிலை வரலாம்.

தெறிப்புக்குப் பலரும் நாடுவது சார்பி சோதனை: ஊசல் சுத்தியலின் ஒரே அடியில் துண்டை முறித்து, அதற்குச் செலவான ஆற்றலை அளப்பது. கடினமான டூல் ஸ்டீலில் வி-வடிவ வெட்டிட்ட துண்டு இதில் மிகக் குறைந்த மதிப்பையே தருவதால், எஃகுகளுக்கிடையிலான வேறுபாடு அதில் தெளிவாகத் தெரியாது. வெட்டில்லாத 7×10×55 மில்லிமீட்டர் துண்டைக் கேளுங்கள்; அதைக் கம்பியின் நீளவாக்கில் எடுத்தார்களா, குறுக்குவாக்கில் எடுத்தார்களா என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். குறுக்குவாக்கில் மதிப்பு வெகுவாகக் குறையும். அழகான எண்கள் அச்சிட்ட விற்பனைக் கையேட்டில் இந்தத் திசை விவரம் இல்லையென்றால், அந்த எண்களை நான் பொருட்படுத்துவதில்லை.

சார்பி ஒரே அடியில் முடிந்துவிடும்; பஞ்சோ ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு தெறிக்கிறது. ஆகவே ஃபட்டீக் எனப்படும் உலோக அயர்ச்சிச் சோதனையும் வேண்டும். மீண்டும் மீண்டும் வளைத்து முறித்த துண்டின் முறிமுகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், விரிசல் கிளம்பிய இடத்தில் கார்பைடோ, கசடுத் துகளோ இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். உலோகத் தூளை இறுக்கிச் செய்யும் பவுடர் மெட்டலர்ஜி எஃகில் கார்பைடுகள் சில மைக்ரான் அளவே இருப்பதால் அது தெறிப்பை நன்றாகத் தாங்குகிறது, விலைதான் கடிக்கும்.

இன்னொன்று: மாதிரித் துண்டை கிரைண்டிங் செய்து பளபளப்பாக்கித்தான் சோதிக்கிறார்கள், ஆனால் பஞ்ச் பல பட்டறைகளில், கம்பியின் மின்பொறியால் வெட்டும் வயர்கட் இயந்திரத்திலிருந்து இறங்கியதும் நேரே பிரஸ்ஸுக்குப் போகிறது. வயர்கட் விட்டுச்செல்லும் உருகி உறைந்த மெல்லிய படலம் நொறுங்கக்கூடியது. அதில் நுண்விரிசல்களும் இருக்கும். ஆகவே ஒரு தொகுதித் துண்டுகளையாவது அந்தப் படலத்தோடேயே அயர்ச்சிச் சோதனைக்கு அனுப்புங்கள்.