தலையீத்துக்கு என்ன அவசரம்?

போன மார்கழியில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி கன்னி இன ஆடு ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். "நேத்து ராத்திரியிலருந்து முக்கிட்டே கிடக்கு டாக்டரய்யா" என்றார். ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தேன். பால்பல் ஒன்றுகூட விழவில்லை. எடை 14 கிலோ. குட்டியின் தலை இடுப்பெலும்புக்குள் இறுகி நின்றிருந்தது. இறந்த குட்டியை வெளியே எடுத்தோம். மறுநாள் தாயும் போய்விட்டது.

வயது பத்து மாதம் என்றார் ஆச்சி. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அப்படியென்றால் ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோதே அது சினை பிடித்திருக்கிறது. "கிடாய்க்கு விட்டீங்களா ஆச்சி?" என்று கேட்டேன். "நான் எங்கய்யா விட்டேன்? கூடக் கிடந்த கிடாக்குட்டிதான்" என்றார்.

மானூர், வள்ளியூர், ராதாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதையைக் கேட்கிறேன். பெட்டைக்குட்டி பருவத்துக்கு வந்தாலே தலையீத்துக்கு, அதாவது முதல் குட்டி ஈனுவதற்கு, உடம்பும் தயார் என்று நினைத்துவிடுகிறோம். கருப்பை தயாராகும் வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். தின்கிற தீனி தன் வளர்ச்சிக்கும் வயிற்றுக் குட்டிக்கும் பங்காகும்போது இரண்டுமே குறைப்படும். இடுப்பு விரியாது, மடியில் பால் இறங்காது. தப்பிப் பிழைத்த ஆடும் கட்டையாகவே நின்றுவிடும். அடுத்த ஈத்தும் தள்ளிப்போகும்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குக் கடல்நாய்கள் நினைவுக்கு வரும். தாமிரபரணியில் நாம் பார்க்கிற நீர்நாய் வேறு. நான் சொல்வது குளிர்க்கடல் சீல்களை. கலிபோர்னியாவில் ஆன்யோ நுவேவோ என்ற கரைக்கு யானை சீல்கள் குட்டி போட வரும். பெட்டைகள் 3 வயதிலிருந்து 6 வயதுக்குள் தலையீத்து ஈனும். ஈன்ற தாய் ஏறக்குறைய நான்கு வாரம் இரை எடுக்காமல், தன் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்கும். குட்டி 120 கிலோவைத் தாண்டும். தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து கடலுக்குத் திரும்பும். அடையாளமிட்டுப் பல வருஷம் கவனித்ததில், 3 வயதிலேயே ஈன்றவை, ஒரு வருஷம் பொறுத்தவற்றைவிடக் குறைவாகவே பிழைத்தது தெரிந்தது. 3 வயதில் ஈன்றதென்றால் 2 வயதிலேயே இணை சேர்ந்திருக்கும். வளர வேண்டிய உடம்பு அது.

அண்டார்டிகாவின் எரெபஸ் விரிகுடாவில் வெடல் சீல்களுக்கு 1960களின் கடைசியிலிருந்து அடையாளமிட்டு வருகிறார்கள். அங்கே தலையீத்து சராசரியாக 7 வயதையொட்டித்தான். வளர்ந்த பெட்டை அடுத்த வருஷமும் உயிரோடு இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பதால் பொறுத்திருப்பது அதற்குக் கட்டுப்படியாகிறது.

சரி, பின்னே ஏன் சில சீல்கள் முந்துகின்றன? சுறாவும் ஓர்கா திமிங்கிலமும் திரிகிற கடலில் அடுத்த வருஷம் இருப்போமா என்பது அவற்றுக்கு உறுதி கிடையாது. அதனால் முந்துவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பட்டியில் அந்தப் பயம் எங்கே? தீனி வைக்கிறோம், தடுப்பூசி போடுகிறோம், நாய் வராமல் காவல் இருக்கிறோம். இரண்டு மூன்று ஈத்து கூடுதலாகத் தரவேண்டிய ஆட்டை ஐந்தாறு மாத அவசரத்தில் இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

பெட்டைக்குட்டிக்குப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகட்டும். அதைவிட எடை முக்கியம். தாயாட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரவேண்டும். கன்னி ஆட்டுக்கு 18 கிலோவாவது இருக்கட்டும். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே தனியாகப் பிரியுங்கள், அல்லது காயடித்துவிடுங்கள். நாலு மாதக் கிடாக்குட்டி என்ன செய்யும் என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஊர் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகளுக்கு இது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். இணை சேர முடியாதபடி பொலிகிடாயின் வயிற்றுக்கடியில் சாக்கைக் கட்டிவிட மந்தைக்காரரிடம் சொல்லலாம்.

அப்புறம், தெரியாமல் சினையாகிவிட்ட குட்டிக்குக் கடைசி இரண்டு மாதம் பசுந்தீவனத்தோடு தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனமும் கொஞ்சம் கொடுங்கள். ஈனும்போது அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கொண்டுவாருங்கள்.

ஆச்சி இப்போது பட்டியைக் கருவைமுள் வைத்து இரண்டாக மறித்திருக்கிறார். போன வாரம் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒரு பெட்டைக்குட்டியை நிறுத்துவிட்டுப் போன் பண்ணினார். "பதினாறரைதான் இருக்கு டாக்டரய்யா. இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமா?"

"போகட்டும் ஆச்சி" என்றேன்.