ரிலே: கடத்துவதா, அஞ்சல் செய்வதா?

கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை டிஎச்சிபி. நெட்வொர்க்குகளை இணைக்கும் ரூட்டரில் 'டிஎச்சிபி ரிலே' என்று அமைக்கிறோமே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அந்த 'ரிலே' வேட்டை நாய்களிடமிருந்து வந்த சொல். பழைய பிரெஞ்சில், வேட்டைப் பாதையில் இடையிடையே நிறுத்திவைத்த புது நாய்க்கூட்டத்தைக் குறித்தது. களைத்தவை நின்றுவிட, காத்திருந்தவை துரத்தலை ஏற்றுக்கொள்ளும். அப்புறம் தபால் குதிரைகளுக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பியில் ஏறியது. தூரத்தில் வலுவிழந்த மின்துடிப்பு அங்கே ஒரு மின்காந்தத்தை அசைக்கும். அது வேறொரு மின்கலத்தின் சுற்றை மூடி, புதுத் துடிப்பைக் கிளப்பும். வந்த துடிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நம் ரூட்டர் செய்வதும் அதைத்தான். ஐபி இல்லாத கணினி 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255க்கு, அதாவது தன் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும், 'யாராவது முகவரி தாருங்கள்' என்று கூவுகிறது. இந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டாது. முகவரி வழங்கும் சர்வர் 10.1.1.5இல், வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது. ரூட்டரில் கணினிப் பக்கத்து இன்டர்ஃபேஸின் (இணைப்பு வாயின்) முகவரி 192.168.20.1 என்று வைத்துக்கொள்வோம். ரூட்டர் கூவலை வாங்கி, செய்திக்குள் 'ஜிஐ அட்ரஸ்' என்ற கட்டத்தில் 192.168.20.1 என்று எழுதி, சர்வருக்கென்றே தனியாகப் புதுப் பாக்கெட் அனுப்புகிறது. சர்வர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எந்தத் தொகுப்பிலிருந்து முகவரி கொடுப்பது என்று முடிவுசெய்கிறது. பதிலையும் அந்த முகவரிக்கே அனுப்புகிறது.

டிஎச்சிபிக்கு முன்னோடியான பூட்பி காலத்தில் இந்த இடையாளுக்கு 'ஃபார்வர்டிங் ஏஜென்ட்' என்று பெயர். ரூட்டர் சாதாரணமாகச் செய்யும் ஐபி ஃபார்வர்டிங்கோடு (வந்த பாக்கெட்டையே அடுத்த இடத்துக்கு அனுப்புவதோடு) குழம்பக்கூடாது என்று 1993இல் வந்த ஆர்எஃப்சி 1542 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை 'ரிலே ஏஜென்ட்' ஆக்கியது. 'ஜிஐ அட்ரஸ்' என்பது கேட்வே ஐபி அட்ரஸின் சுருக்கம். பெயர் சரியாக அமையவில்லை என்று அதே ஆவணமே குறைபட்டுக்கொள்கிறது.

அப்படியானால் 'கடத்தி', 'முன்னனுப்பி' போன்ற சொற்கள் இங்கே பொருந்தா. அவை ஃபார்வர்டிங்குக்குத்தான் சரி. தமிழில் ஏற்கெனவே பழகிய சொல் இருக்கிறது: அஞ்சல். வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்பார்கள். இலங்கையில் ரிலே ஓட்டம் அஞ்சலோட்டம்தான். திருவிதாங்கூரின் தபால் சேவைக்கே, 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணையும்வரை, அஞ்சல் என்றுதான் பெயர். ஆகவே ரிலே ஏஜென்ட் 'அஞ்சல் முகவர்'. தபால்காரர் நினைவுக்கு வந்தால் வரட்டும், தப்பில்லை.

சொல்லின் பொருள் புரிந்தால் இரண்டு பிழைகள் குறையும். ஒன்று, ரிலேயைச் சர்வர் பக்கத்து இன்டர்ஃபேஸில் போடுவது. நானும் போட்டிருக்கிறேன். கூவல் கேட்கும் பக்கத்தில்தான் அஞ்சல் முகவர் நிற்க வேண்டும். இன்னொன்று, சர்வரிலிருந்து 192.168.20.1க்குத் திரும்பும் வழி இல்லாமல் விடுவது. கேட்டது போய்ச் சேரும், பதில் வராது.

இதோடு ஒட்டிவருவது 'ஹோஸ்ட் ரூட்'. ஹோஸ்டை 'விருந்தோம்பி' என்று பெயர்த்தவர்கள் உண்டு. நெட்வொர்க்கில் அது வெறும் ஒரு கணினி. 32 பிட்டும் நிரம்பிய மாஸ்க்கோடு (முகவரியில் எவ்வளவு பகுதி பொருந்த வேண்டும் என்று காட்டும் எண்ணோடு) ஒரே முகவரிக்குப் போடும் வழி என்பதால் 'தனிமுகவரி வழி' என்பேன். இன்டர்ஃபேஸுக்கென்று சொந்த முகவரி வைக்காமல் லூப்பேக்கின் (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸின்) முகவரியை இரவல் கொடுத்திருந்தால், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ரூட்டருக்குத் தெரியாது. சர்வரின் ஒப்புதல் தன் வழியே போகும்போது ரிலேயே பார்த்து, அந்தக் கணினிக்கு ஒரு தனிமுகவரி வழியைச் சேர்த்துக்கொள்ளும். குத்தகை, அதாவது முகவரியை வைத்துக்கொள்ளும் காலம், முடிந்தால் நீக்கிவிடும்.

யாருக்கு எந்த முகவரி என்ற இந்தப் பதிவுகளைச் சேமித்துவைக்காத ரூட்டரை ரீபூட் செய்தால் வழிகள் அழிந்துவிடும். கணினிக்கோ ஒன்றும் தெரியாது. எட்டு மணி நேரக் குத்தகை என்றால், நான்காம் மணியில் சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்கும். ரூட்டர் அதை இடைமறிக்காவிட்டால், பதில் திரும்ப வழி இருக்காது. ஏழாம் மணியில்தான் அது மறுபடி எல்லோரையும் பார்த்துக் கூவும். அப்போதுதான் ரிலே காதில் விழுந்து வழி திரும்ப உருவாகும்.