பரண்ல இருந்து எறக்குன வால்வு ரேடியோவ ஒடனே பிளக்ல சொருவாதீங்க

போன ஆனி மாசம் சாரல் பிடிச்ச நேரம், புளியரையில இருந்து ஒரு அண்ணாச்சி சாக்குல சுத்தி ஒரு வால்வு ரேடியோவ, அதான் உள்ள கண்ணாடிக் குழல் வச்ச பழைய செட்ட, செங்கோட்டைக்கு நம்ம கடைக்கு கொண்டாந்தாரு. இந்தப் பக்கம் மொதல்ல திருவிதாங்கூரோடயும் பெறவு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடயும் இருந்துச்சுல்லா, அந்தக் காலத்துல அவங்க அப்பா திருவனந்தபுரம் ஸ்டேஷன் கேக்க வாங்குன செட்டு, நாப்பது வருசமா பரண்ல கிடந்திருக்கு. "பாடுதான்னு பாக்க சொருவுனேன் தம்பி, மொதல்ல ங்ஙொய்ன்னு ஒரு இரைச்சல், அஞ்சு நிமிசத்துல புகை வந்துட்டு"ன்னாரு. தெறந்தா ஸ்பீக்கருக்குப் போற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடக்கு. மனசு கேக்கல, ஏன்னா சொருவுறதுக்கு முந்தி வரைக்கும் அது நல்லாத்தான் இருந்திருக்கும்.

என்ன நடக்குன்னா, ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வோட கிரிட்டுக்கு (வால்வுக்குள்ள கரண்ட கட்டுப்படுத்துற கம்பி வலை) முன்னால 0.01 மைக்ரோஃபேரட்ல ஒரு சின்ன கப்பாசிட்டர் இருக்கும். பழசுல அது மெழுகு பூசுன பேப்பர். நம்ம மலையோர ஈரத்த அது வருசக்கணக்கா உறிஞ்சி உள்ளுக்குள்ள லீக் ஆயிரும், லீக் ஆனா முந்தின வால்வோட பிளேட்ல (கரண்ட் வந்து சேருற தகடு) இருக்க வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து, வால்வு கட்டுப்பாடு இல்லாம கரண்ட் இழுத்து, பிளேட்டு செவந்து, கடைசில டிரான்ஸ்பார்மரையும் கொண்டு போயிரும். கிரிட்ல மீட்டர வச்சா பாசிட்டிவ் வோல்ட் காட்டக்கூடாது, காட்டுனா ஒடனே ஆஃப் பண்ணிரணும். நான் அளந்துட்டு இருக்கதே இல்ல, எந்த செட்டு வந்தாலும் மொத வேலையா அதக் கழட்டிட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டுருவேன், செலவு ரொம்பக் கம்மி.

அந்த ங்ஙொய் சத்தம், ஏசி இரைச்சல வடிகட்டுற ஃபில்டர் கப்பாசிட்டர் கெட்டதால வர்றது. சும்மா கிடந்தா உள்ள இருக்க ஆக்சைடு படலம் போயிரும், ஒரேயடியா 300 வோல்ட் ஏறுனா தாங்காது.

அதனால கப்பாசிட்டர்லாம் பாத்து மாத்துன பெறவும் சீரிஸ் பல்பு, அதாவது செட்டுக்குப் போற லைன்ல இடையில ஒரு பல்பு, போட்டுத்தான் ஆன் பண்ணணும். 60 இல்லன்னா 100 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. மொதல்ல நல்லா எரிஞ்சிட்டு மங்குனா சரி, முழு வெளிச்சத்துலயே நின்னா உள்ள ஷார்ட்டு. பின்னால வோல்டேஜ் செலக்டர் 110ல கிடக்கான்னும் பாருங்க, இப்ப நம்ம லைனுக்கு 245ல வைக்கதுதான் நல்லது.

இனி சொல்லுதது உயிர் விசயம். வால்வு நம்பர் யூ எழுத்துல, யூசிஹெச்81, யூஎல்84ன்னு ஆரம்பிச்சா அது ஏசி டிசி ரெண்டுலயும் ஓடுற செட்டு. பெரும்பாலும் மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது, கரண்ட் கம்பில ஒண்ணு நேரா சேசிஸ்ல, அதாவது எல்லாத்தையும் மாட்டிருக்க உலோகத் தட்டுல, நிக்கும். பிளக்க திருப்பிப் போட்டா சேசிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழண்டு வெறும் தண்டு நீட்டிட்டு இருக்க செட்டுல பிள்ளைங்க கை வச்சா என்னாவும்? குமிழ்ல இருக்க சின்ன ஸ்குரு தலையக்கூட கம்பெனிக்காரன் மெழுகு வச்சு அடைச்சிருப்பான், அதக் காரணமில்லாம செய்யல. சீரிஸ் பல்பு இதுக்குப் பாதுகாப்பு ஆகாது, மெயின் லைன்ல இருந்து செட்டப் பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேணும். அது இல்லாம நான் யூ செட்டத் தொடுறதில்ல.

பிளக்க உருவுன பெறவும் ஃபில்டர்ல சார்ஜ் நிக்கும். ஸ்குரு டிரைவர வச்சு தட்டாதீங்க, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர இன்சுலேஷன் பிடியோட வச்சு எறக்கிட்டு மீட்டர்ல பாத்துக்கிடுங்க. ஸ்டேஷன் சிக்னலப் பிரிச்செடுக்குற ஐஎஃப் டப்பா மேல இருக்க திருகுகள தயவுசெஞ்சு திருகவே வேண்டாம், நல்ல செட்டு பாதிப்பேரு கையில செவிடாப் போனது அதனாலதான்.

அண்ணாச்சி செட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, டிரான்ஸ்பார்மர் சுத்திக் குடுக்க ஆள் தேடுதேன். ஆரியங்காவுல அவங்க தங்கச்சி வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு கிடக்காம். தூசிகூடத் தட்டாம அப்படியே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லிருக்கேன்.